துப்பாக்கி உரிமமும் தலித்துகளும்: தகுதியான பயிற்றுநரைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

பட்டியல் சாதியினர், பழங்குடியினர் (வன்கொடுமைத் தடுப்பு) விதிகள் 1995ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்தன. வன்கொடுமை நிகழக்கூடும் என்றோ, மீண்டும் நிகழும் என்றோ அஞ்சத்தக்க பகுதிகளில் மாநில அரசு எடுக்க வேண்டிய முன்னெச்சரிக்கை நடவடிக்கைகளை அவற்றின் 3ஆம் விதி பட்டியலிடுகிறது. அப்பட்டியலில் ஆயுதம் பற்றிய மூன்று கூறுகள் அடுத்தடுத்து இடம்பெறுகின்றன. தேவை எனக் கருதினால், அப்பகுதியிலுள்ள பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் அல்லாதோர், அவர்களுடைய நெருங்கிய உறவினர், வேலையாட்கள், குடும்ப நண்பர்கள் ஆகியோரின் ஆயுத உரிமங்களை ரத்துசெய்து, அந்த ஆயுதங்களை அரசின் ஆயுதக் கிடங்கில் ஒப்படைக்கச் செய்ய வேண்டும். சட்டவிரோதத் துப்பாக்கிகளைக் கைப்பற்ற வேண்டும். மூன்றாவதாக, உயிருக்கும் உடைமைக்கும் பாதுகாப்பளிக்கும் நோக்கில், தேவை எனக் கருதினால், பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் ஆயுத உரிமம் வழங்க வேண்டும்.

விதி வந்து முப்பது ஆண்டுகள் கடந்துவிட்டன. வன்கொடுமை வழக்குகளில் இழப்பீடு பற்றியும் கைது பற்றியும் பேசுகிற அளவுக்கு இந்த மூன்றாம் கூறு பற்றி நாம் பேசுவதில்லை. கொலை மிரட்டலுக்கு உள்ளான ஊராட்சித் தலைவர்களும், வன்கொடுமை வழக்கின் சாட்சிகளும், சாதி மறுப்புத் திருமணம் செய்துகொண்ட இணையரின் குடும்பத்தாரும் வழக்கறிஞர்களிடம் கேட்பது ஒரு கேள்விதான்: "லைசென்ஸ் கிடைக்குமா, சார்?" அதற்கு அடுத்து எழ வேண்டிய கேள்வி பெரும்பாலும் எழுவதில்லை. துப்பாக்கியை எப்படிக் கையாள்வது என்பதை யாரிடம் கற்பது? உரிமம் பெறுவது பாதி வழி. தவறான ஆளிடம் கற்றுக்கொண்ட தலித் ஒருவர், அந்தத் துப்பாக்கியாலேயே தம் குழந்தையை இழக்கலாம். தாமே குற்றவாளிக் கூண்டில் நிற்க நேரலாம். ஆகவே பயிற்றுநரைத் தேர்ந்தெடுப்பது எப்படி என்பதை இக்கட்டுரை சட்டத்தின் வழிநின்று விளக்குகிறது.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும். துப்பாக்கி தலித் விடுதலையின் கருவி என்பது என் வாதமன்று. இருநூறு பேர் கொண்ட கும்பலை இரட்டைக்குழல் துப்பாக்கி ஒன்று தடுத்துவிடாது. அதில் இருப்பவை இரண்டு தோட்டாக்கள். காவல் பாதுகாப்பு, சிறப்புக் காவல் படை, வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 10ஆம் பிரிவின்படி குற்றம் செய்யக்கூடியவர்களை அப்பகுதியிலிருந்து வெளியேற்றுதல், 15ஏ பிரிவின்படி சாட்சிகளுக்கான பாதுகாப்பு ஆகியவற்றையே முதலில் கோர வேண்டும். ஆதிக்கச் சாதியினரின் உரிமங்களை ரத்துசெய்யக் கோருவதும் அவற்றோடு சேர்ந்தது. இவை மறுக்கப்பட்டு, உயிருக்கான அச்சுறுத்தல் தொடரும் நிலையில்தான் உரிமம் என்னும் கோரிக்கைக்கு இடமுண்டு. அந்நிலையை எட்டியவர்களுக்காகவே இது எழுதப்படுகிறது.

ஆயுதம் யார் கையில் இருந்தது?

இந்த நாட்டில் துப்பாக்கி உரிமம் நெடுங்காலம் அந்தஸ்தின் அடையாளமாகவே இருந்தது. 1878ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் இந்தியர் அனைவரையும் உரிமத்துக்குக் காத்திருக்க வைத்தது. ஐரோப்பியர்களுக்கும் சில உயர்நிலையினருக்கும் விலக்களித்தது. அவ்வகை விலக்கு இன்றும் முற்றாக மறைந்துவிடவில்லை. குடகு இனத்தாரும், அங்குள்ள ஜம்மா நில உரிமை கொண்டோரும் குறிப்பிட்ட வகைத் துப்பாக்கிகளை உரிமமின்றி வைத்திருக்கலாம் என்னும் விலக்கை, 2019இல் மத்திய அரசு 2029 வரை நீட்டித்தது. 2021இல் கர்நாடக உயர் நீதிமன்றம் அதைச் செல்லும் என்று தீர்ப்பளித்தது. பிறப்பும் நிலமும் சிலருக்கு உரிமமாகவே அமைகின்றன. நிலமற்றவர் தம் உயிருக்கு ஆபத்து என்று நிரூபித்த பிறகும் அலுவலகப் படிகளில் காத்திருக்கிறார்.

இதன் மறுபக்கத்தை நாம் அறிவோம். 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டபோது, வந்த கும்பலின் கையில் துப்பாக்கிகள் இருந்தன. 1997 டிசம்பர் 1 அன்று பீகாரின் லட்சுமண்பூர் பாதேயில் 58 தலித்துகளை ரண்வீர் சேனா சுட்டுக் கொன்றது. விதி 3இல் ஆதிக்கச் சாதியினரின் உரிமத்தை ரத்துசெய்வது முதலிலும், தலித்துகளுக்கு உரிமம் வழங்குவது அதன் பின்னரும் வருகின்றன. இந்த வரிசைக்கு ஒரு பொருள் உண்டு. முதலில் அச்சுறுத்தலைக் குறைக்க வேண்டும், பிறகே தற்காப்பு.

1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தில் நம்மவர்கள் மனப்பாடம் செய்யத்தக்க ஒரு வரி உண்டு. போதிய சொத்து இல்லை என்ற ஒரே காரணத்துக்காக எவருக்கும் உரிமம் மறுக்கக் கூடாது என்று 14(2)ஆம் பிரிவு கூறுகிறது. "உனக்கு எதற்கு லைசென்ஸ்? காப்பாற்றிக்கொள்ள என்ன சொத்து இருக்கிறது?" என்று கேட்கும் அலுவலருக்கு அதுவே பதில். மறுத்தால் காரணத்தை எழுத்தில் பதிவுசெய்ய வேண்டும். 18ஆம் பிரிவின்படி மேல்முறையீடு செய்யலாம்.

பயிற்சி ஏன் கட்டாயம்?

ஆயுத விதிகள், 2016 பழைய 1962ஆம் ஆண்டு விதிகளின் இடத்தில் வந்தவை. தனிநபர் உரிமத்துக்கு ஏ-1 படிவத்தில் விண்ணப்பிக்க வேண்டும். விண்ணப்பதாரர் 21 வயது நிறைந்தவராக இருக்க வேண்டும். மாவட்டங்களில் ஆட்சியரும், மாநகரங்களில் காவல் ஆணையரும் உரிமம் வழங்கும் அதிகாரிகள். காவல் நிலையம் 30 நாள்களில் அறிக்கை தர வேண்டும். அறிக்கை கிடைத்த 60 நாள்களில் அதிகாரி காரணங்களோடு கூடிய ஆணை பிறப்பிக்க வேண்டும். மருத்துவச் சான்று, பாதுகாப்பாக வைத்திருப்பதற்கான உறுதிமொழி ஆகியவற்றோடு, ஆயுதப் பாதுகாப்புப் பயிற்சி முடித்ததற்கான எஸ்-1 படிவச் சான்றிதழும் இவ்விதிகளில் இடம்பெறுகிறது.

பயிற்சியில் என்னென்ன இருக்க வேண்டும் என்பதை 10ஆம் விதி சொல்கிறது. ஆயுதத்தையும் தோட்டாவையும் பாதுகாப்பாகக் கையாளுதல், எடுத்துச் செல்லும் முறை, சுடும் முறை, பராமரிப்பு, சேமித்து வைத்தல், கொண்டுசெல்லுதல் ஆகியவை அதில் அடங்கும். இந்தச் சான்றிதழைப் பணம் கொடுத்து வாங்கிவிடலாம் என்று இடைத்தரகர்கள் சொல்வதுண்டு. ஆதிக்கச் சாதியைச் சேர்ந்த உரிமதாரர் ஒருவருக்கு அந்தக் குறுக்குவழி பாதகமின்றிப் போகலாம். தலித் உரிமதாரருக்கு அது பொறியாக மாறும். அவர் மீது பின்னாளில் எதிர்வழக்கு போடப்படும்போது, முதலில் தோண்டப்படுவது அவரது உரிமக் கோப்புதான். பொய்ச் சான்றிதழ் ஒன்று அதிலிருந்தால் உரிமமும் போகும், அவருடைய சொல்லின் மதிப்பும் போகும்.

முதல் சோதனை: சட்டத் தகுதி

பயிற்றுநரைத் தேர்வதில் முதல் கேள்வி, அவர் எவ்வளவு நன்றாகச் சுடுவார் என்பதன்று. அவர் தரும் சான்றிதழை உங்கள் மாவட்டத்தின் உரிமம் வழங்கும் அதிகாரி ஏற்பாரா என்பதே. பணம் கட்டுவதற்கு முன் ஆட்சியர் அலுவலகத்துக்கோ ஆணையர் அலுவலகத்துக்கோ ஒரு கடிதம் எழுதுங்கள். இம்மாவட்டத்தில் எஸ்-1 சான்றிதழ் வழங்க அங்கீகாரம் பெற்றவர்கள் யார் என்று கேளுங்கள். வாய்வழிப் பதிலை நம்ப வேண்டாம். எழுத்தில் பதில் வராவிட்டால், தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005இன் கீழ் மனு செய்யுங்கள். வழக்கமான கால வரம்பு 30 நாள். கேட்கப்படும் தகவல் ஒருவரின் உயிர் அல்லது சுதந்திரம் சார்ந்ததாக இருந்தால் 48 மணி நேரத்தில் தர வேண்டும் என்று 7(1)ஆம் பிரிவு கூறுகிறது. உங்கள் மீதான கொலை மிரட்டலுக்குப் பதிவான முதல் தகவல் அறிக்கையின் நகலை இணைத்து இந்த 48 மணி நேர வரம்பைக் கோரலாம்.

இரண்டாவது, பயிற்சி நடக்கும் இடம். உரிமம் இல்லாதவர் துப்பாக்கியைத் தொட்டுப் பயில உகந்த இடங்கள் உரிமம் பெற்ற ரைபிள் கிளப்பின் சுடுதளமும், காவல்துறையின் பயிற்சித் தளமும்தான். தென்னந்தோப்பு, கைவிடப்பட்ட கல்குவாரி, ஆற்றுப் படுகை ஆகிய இடங்களுக்கு அழைக்கும் பயிற்றுநரிடமிருந்து அன்றே விலகிவிடுங்கள். உரிமமின்றித் துப்பாக்கி வைத்திருப்பது ஆயுதச் சட்டத்தின் 3ஆம் பிரிவை மீறுவதாகும். 2019ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் அதற்கான தண்டனை 2 ஆண்டு முதல் 5 ஆண்டு வரையிலான சிறை. பயிற்றுநரிடம் உரிமம் இருக்கிறது என்பது உங்களை எல்லா நிலையிலும் காப்பாற்றாது.

இளைஞர்களைக் கூட்டமாகச் சேர்த்துத் "தற்காப்புப் பயிற்சி முகாம்" நடத்துவோம் என்று சொல்பவர்களிடம் இன்னும் கூடுதலான எச்சரிக்கை தேவை. 2022 மே மாதத்தில் குடகின் பொன்னம்பேட்டையில் பள்ளி வளாகம் ஒன்றில் பஜ்ரங் தளம் நடத்திய முகாமில் ஏர்கன் பயிற்சி தரப்பட்ட செய்தி படங்களோடு வெளிவந்தது. அத்தகைய முகாமைச் சேரி இளைஞர்கள் நடத்தினால் என்ன ஆகும் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. சட்டவிரோதச் செயல்கள் தடுப்புச் சட்டத்தின் 18ஏ பிரிவு, பயங்கரவாதப் பயிற்சி முகாம் நடத்துவதற்கு 5 ஆண்டு முதல் ஆயுள்வரை தண்டனை விதிக்கிறது. அப்பிரிவு பொருந்தாத இடத்திலும் அதைப் பொருத்திப் பார்க்கும் அதிகாரி ஒருவர் போதும், பிணையின்றிப் பல ஆண்டுகள் கழியும். பயிற்சி தனித்தனியாக, அங்கீகரிக்கப்பட்ட இடத்தில், பதிவேட்டில் கையெழுத்திட்டு நடக்க வேண்டும்.

இரண்டாம் சோதனை: கற்பிக்கத் தெரிந்தவரா?

நம் ஊர்களில் துப்பாக்கி என்றதும் நினைவுக்கு வருபவர் முன்னாள் படைவீரர். அவருடைய ஒழுங்கும் அனுபவமும் மதிக்கத்தக்கவை. ஆனால் படையில் அவர் பழகியது 7.62 அல்லது 5.56 மில்லிமீட்டர் ரைபிள். உங்கள் கைக்கு வரப்போவது 12 போர் ஒற்றைக்குழல் அல்லது இரட்டைக்குழல் துப்பாக்கியாகவோ, .32 ரிவால்வராகவோ இருக்கும். இவற்றின் இயக்கம் வேறு. பழுதாகும் விதம் வேறு. வீட்டில் வைத்திருக்கும் முறையும் வேறு. சீருடையணிந்த வீரருக்குக் கட்டளையிட்டுப் பழகியவர், ஐம்பது வயதில் முதன்முறையாகத் துப்பாக்கியைத் தொடும் பெண் ஊராட்சித் தலைவருக்குப் பொறுமையாகச் சொல்லித்தர வல்லவரா என்பதும் தனிக் கேள்வி.

விளையாட்டு வீரர்கள் மற்றொரு வகையினர். பன்னாட்டுத் துப்பாக்கி சுடுதல் விளையாட்டுக் கூட்டமைப்பு டி, சி, பி, ஏ என்று படிநிலையில் பயிற்றுநர் தகுதிகளை வழங்குகிறது. இத்தகுதி பெற்றவர் முறையாகக் கற்பிக்கப் பயின்றவர் என்று கொள்ளலாம். எனினும் அவரது நோக்கம் பதக்கம். அசையாத இலக்கு, அமைதியான தளம், தடித்த பயிற்சி உடை. உயிரச்சத்தில் கை நடுங்கும் மனிதருக்கு அவர் கற்றுத்தர வேண்டியவை வேறு. அமெரிக்கத் தேசியத் துப்பாக்கிச் சங்கத்தின் பயிற்றுநர் சான்றிதழைச் சுவரில் மாட்டியிருப்பவர்களும் உண்டு. அது அவருடைய அறிவைக் காட்டலாம். இந்திய விதிகளின் கீழ் அதற்கெனத் தனி மதிப்பில்லை.

ஆகவே பட்டத்தைக் காட்டிலும் பாடம் நடத்தும் முறையைப் பாருங்கள். சேருவதற்கு முன் ஒரு வகுப்பை ஓரமாக நின்று பார்க்க அனுமதி கேளுங்கள். துப்பாக்கியைக் கையில் எடுத்ததும் அதில் தோட்டா இல்லை என்பதைத் தாமே திறந்து சரிபார்த்து, பிறகு மாணவரிடம் காட்டுகிறாரா? பேசும்போது குழல்முனை யாரை நோக்கியிருக்கிறது என்பதில் கவனம் இருக்கிறதா? சுடும் நேரம் தவிர மற்ற நேரங்களில் விரல் விசைக்கு வெளியே இருக்கிறதா? கண்ணுக்கும் காதுக்கும் காப்பு அணியச் சொல்கிறாரா? ஒரே நேரத்தில் எத்தனை பேரைச் சுட வைக்கிறார்? முதலுதவிப் பெட்டி இருக்கிறதா, அருகிலுள்ள மருத்துவமனைக்கு எவ்வளவு நேரமாகும் என்று அவருக்குத் தெரியுமா? பத்து நிமிடம் கூர்ந்து பார்த்தால் பதில் கிடைத்துவிடும். நண்பரின் முகத்துக்கு நேரே வெற்றுத் துப்பாக்கியை நீட்டி விளையாடும் பயிற்றுநர், எத்தனை பதக்கம் வாங்கியவரானாலும், தகுதியற்றவர்.

மூன்றாம் சோதனை: என்ன கற்பிக்கிறார்?

நல்ல பயிற்றுநரின் முதல் வகுப்பில் தோட்டாவே இராது. உலகெங்கும் ஏற்கப்பட்ட நான்கு அடிப்படை விதிகள் மாணவருக்குப் பழக்கமாகும்வரை அவர் அடுத்த பாடத்துக்குப் போகமாட்டார். எந்தத் துப்பாக்கியையும் தோட்டா உள்ளதாகவே கருது. சுட விரும்பாத எதன்மீதும் குழல்முனையைத் திருப்பாதே. சுடும் முடிவெடுக்கும்வரை விசையில் விரல் வைக்காதே. இலக்கையும், இலக்குக்குப் பின்னால் இருப்பதையும் அறிந்துகொள். கடைசி விதி சேரிகளுக்கு மிக முக்கியம். வீடுகள் சுவரோடு சுவராக நெருங்கியிருக்கும் குடியிருப்பில், குறிதவறிய தோட்டா போய்ச் சேருவது பக்கத்து வீட்டுக்கு.

அடுத்து, வீட்டில் வைப்பது. ஒற்றை அறை கொண்ட தொகுப்பு வீட்டில், நான்கு குழந்தைகள் உறங்கும் இடத்தில் துப்பாக்கியை எங்கே வைப்பது? துப்பாக்கி ஒரு பூட்டிலும் தோட்டா வேறொரு பூட்டிலும் இருக்க வேண்டும். சாவி உரிமதாரரிடம் மட்டும் இருக்க வேண்டும். சுவரில் பதித்த இரும்புப் பெட்டிக்கு இடமில்லாவிட்டால் என்ன செய்வது, கடலோர ஊரின் ஈரக்காற்றில் துருப்பிடிக்காமல் எப்படிக் காப்பது, குடிப்பழக்கமோ மன அழுத்தமோ உள்ள ஒருவர் வீட்டிலிருந்தால் துப்பாக்கியை வீட்டில் வைக்கலாமா என்பவற்றுக்கு அவரிடம் தெளிவான பதில் இருக்க வேண்டும். வீட்டிலுள்ள துப்பாக்கி, கோபத்தின் ஒரு நொடியிலும் துயரத்தின் ஒரு நொடியிலும் அந்த வீட்டாரையே பலிகொள்ளும் ஆபத்து எப்போதும் உண்டு. இதைப் பேசாத பயிற்றுநர் பாதிப் பாடத்தை விட்டுவிட்டார்.

மூன்றாவது, துப்பாக்கி பறிபோகாமல் காப்பது. தலித் ஒருவரிடம் உரிமத் துப்பாக்கி இருக்கிறது என்பதே ஆதிக்கச் சாதி இளைஞர்களுக்குச் சீண்டலாகத் தோன்றும் ஊர்கள் உண்டு. தேநீர்க் கடையிலோ பேருந்து நிறுத்தத்திலோ வம்புக்கு இழுப்பவர்களை எதிர்கொள்ளும்போது அதை வெளியே எடுக்காமல் விலகிச் செல்வதையும் பயிற்சியில் கற்க வேண்டும். கற்பித்ததில் எவ்வளவு பகுதி சுடாமலிருப்பதைப் பற்றியது என்பதைக் கொண்டு ஒரு பயிற்றுநரை மதிப்பிடலாம்.

நான்காம் சோதனை: சட்டம் தெரிந்தவரா?

துப்பாக்கி வெடித்த மறுநொடி அந்த நிகழ்வு நீதிமன்றத்துக்கு உரியதாகிவிடுகிறது. பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையிலான பிரிவுகள் தற்காப்புரிமையை வரையறுக்கின்றன; பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தில் இவை 96 முதல் 106 வரை இருந்தன. காவல்துறையின் உதவியை நாட நேரம் இருந்தால் தற்காப்புரிமை இல்லை; தேவைக்கு மேல் தீங்கு செய்யவும் கூடாது என்று 37ஆம் பிரிவு சொல்கிறது. கொலை, கொடுங்காயம், பாலியல் வன்முறை, கடத்தல், அமில வீச்சு போன்றவை நிகழும் என்ற நியாயமான அச்சம் இருந்தால், உயிரிழப்பை விளைவிக்கும் அளவுக்கு உரிமை நீளும் என்று 38ஆம் பிரிவு சொல்கிறது. மனிதர் வாழும் குடியிருப்புக்குத் தீ வைப்பவரை எதிர்ப்பதிலும் அந்த உரிமை நீளக்கூடும் என்று 41ஆம் பிரிவு கூறுகிறது. 2012 நவம்பர் 7 அன்று தருமபுரி நத்தம் காலனியிலும் அதன் அண்டைக் குடியிருப்புகளிலும் வீடுகள் எரிந்ததைப் பார்த்த நமக்கு இப்பிரிவின் பொருள் விளங்கும்.

ஆனால் இந்த உரிமைக்குள் தாம் நின்றதைக் காட்டும் சுமை குற்றம் சாட்டப்பட்டவருடையது என்று பாரதிய சாட்சிய அதினியத்தின் 108ஆம் பிரிவு கூறுகிறது. அரசுத் தரப்புபோல் ஐயத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டியதில்லை. நிகழ்ந்திருக்கவே வாய்ப்பு அதிகம் என்று காட்டினால் போதும். ஓடிக்கொண்டிருப்பவரை முதுகில் சுட்டால் அச்சுறுத்தல் முடிந்துவிட்டது என்றே நீதிமன்றம் கொள்ளும். "பயந்தால் சுட்டுவிடு, மற்றதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்" என்று சொல்லும் பயிற்றுநர் உங்களை ஆயுள் தண்டனைக்குத் தயார்செய்கிறார்.

தற்காப்பு தவிர உரிமத்தின் அன்றாட நிபந்தனைகளையும் அவர் சொல்லித்தர வேண்டும். உரிமம் 5 ஆண்டுக்குச் செல்லும். காலாவதியாகும் முன் புதுப்பிக்க வேண்டும். அதில் எழுதப்பட்ட அளவுக்கு மேல் தோட்டா வாங்கக் கூடாது. திருமணத்திலோ திருவிழாவிலோ வானத்தை நோக்கிச் சுடுவதற்கு 2 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் உண்டு. தேர்தல் காலத்தில் உரிமத் துப்பாக்கிகளைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்வது வழக்கம். உள்ளாட்சித் தேர்தல் சமயத்தில்தான் தலித் வேட்பாளருக்கு ஆபத்து மிகுதி. ஆகவே ஒப்படைப்பிலிருந்து விலக்குக் கோரும் மனுவையும், காவல் பாதுகாப்புக் கோரும் மனுவையும் தேர்தல் அறிவிப்பு வந்தவுடனே கொடுக்க வேண்டும்.

ஐந்தாம் சோதனை: சாதியும் இரகசியமும்

வழக்கமான வழிகாட்டிகளில் இடம்பெறாத சோதனை இது. பயிற்றுநருக்கு உங்களைப் பற்றி நிறையத் தெரிந்துவிடும். எந்த ஆயுதத்துக்கு விண்ணப்பித்திருக்கிறீர்கள், எவ்வளவு கைதேர்ந்தவர், எந்த நாளில் எந்த வழியாக வருகிறீர்கள், வீட்டில் எங்கே வைப்பீர்கள் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். உங்களை அச்சுறுத்துபவரோடு அவர் ஒரே சங்கத்தில் இருந்தால், உறவினராக இருந்தால், அவரது சொந்த ஊர் உங்கள் ஊருக்குப் பக்கமாக இருந்தால், இந்த விவரங்கள் எங்கே போய்ச் சேரும்? இயன்றவரை வேறு மாவட்டத்துப் பயிற்றுநரைத் தேடுங்கள். அவரது சான்றிதழ் உங்கள் மாவட்டத்தில் ஏற்கப்படுமா என்பதை மேற்சொன்ன கடிதத்திலேயே கேட்டுவிடுங்கள்.

கிளப்பில் உறுப்பினராக ஏற்கெனவே உள்ள உறுப்பினரின் பரிந்துரை வேண்டும் என்பது பல இடங்களில் நடைமுறை. அந்த வட்டத்துக்குள் நம்மவர்கள் அரிது. சாதி கேட்பது, தண்ணீர்க் குவளையைத் தனியாக வைப்பது, "உங்க ஆளுங்க கையில துப்பாக்கியா?" என்று கேலி பேசுவது போன்றவை நடந்தால் தேதியோடு எழுதி வையுங்கள். பொதுப் பார்வையில் சாதிப் பெயர் சொல்லி இழிவுபடுத்துவது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)ஆம் பிரிவின் கீழ்க் குற்றம். அது சுடுதளத்துக்கும் பொருந்தும். பெண்கள் பயிற்சிக்குச் செல்லும்போது உடன் ஒருவரை அழைத்துவர அனுமதிக்காத பயிற்றுநரைத் தவிர்க்கவும்.

கேட்க வேண்டியவை, விலக்க வேண்டியவர்கள்

பணம் கட்டும் முன் பின்வருவனவற்றைக் கேட்டு, முடிந்தால் எழுத்தில் பெறுங்கள்.

1. உங்கள் அங்கீகார ஆணையின் நகலைக் காட்ட முடியுமா? அது எந்த நாள்வரை செல்லும்?
2. சுடுதளத்தின் உரிமம் யார் பெயரில் உள்ளது?
3. மொத்தம் எத்தனை மணி நேரம்? அதில் தோட்டாவின்றி எவ்வளவு, சுட்டுப் பழக எவ்வளவு?
4. நான் வாங்கப்போகும் அதே வகைத் துப்பாக்கியில் பயிற்சி தருவீர்களா?
5. தோட்டா, தள வாடகை, சான்றிதழ் அனைத்தும் கட்டணத்தில் அடக்கமா? ரசீது உண்டா?
6. வருகைப் பதிவேடும் தேர்வு முடிவும் எத்தனை ஆண்டு பாதுகாக்கப்படும்? நீதிமன்றம் அழைத்தால் சாட்சியம் சொல்ல வருவீர்களா?
7. தேறாவிட்டால் சான்றிதழ் மறுப்பீர்களா?

கடைசிக் கேள்விக்கு "எல்லாருக்கும் கொடுத்துவிடுவோம்" என்று பதில் வந்தால் வெளியே வந்துவிடுங்கள். ஒரே நாளில் சான்றிதழ், இணைய வகுப்பிலேயே சான்றிதழ், "லைசென்ஸையும் நாங்களே முடித்துத் தருகிறோம்" என்னும் உறுதிமொழி, 9 மில்லிமீட்டர் பிஸ்டல் போன்ற தடைசெய்யப்பட்ட துளையளவு ஆயுதங்களில் பயிற்சி தருவதாகச் சொல்லும் வீம்பு ஆகிய நான்கும் போலியின் அடையாளங்கள்.

ரசீது, வருகைப் பதிவு, சான்றிதழ், தேர்வுத்தாள் ஆகியவற்றின் நகல்களை உங்கள் வழக்கறிஞரிடமும் கொடுத்து வையுங்கள். "துப்பாக்கியைக் காட்டி மிரட்டினார்" என்று பொய்ப் புகார் வருவது எதிர்பார்க்கத்தக்கதே. அப்புகாரை வைத்து, பொது அமைதி என்ற காரணம் காட்டி, 17(3)ஆம் பிரிவின்படி உரிமத்தை நிறுத்திவைக்க முடியும். முறையாகப் பயின்றவர், ஒழுங்காக வைத்திருப்பவர் என்பதற்கான ஆவணங்கள் அன்று உங்களுக்காகப் பேசும்.

செலவு யாருடையது?

கான்பூர் அரசுத் துப்பாக்கித் தொழிற்சாலை 2014இல் பெண்களின் தற்காப்புக்கென்று 'நிர்பீக்' என்னும் .32 ரிவால்வரை அறிமுகப்படுத்தியது. அதன் விலை அப்போதே சுமார் 1.22 லட்சம் ரூபாய். அந்த ஆண்டில் தமிழ்நாட்டில் நூறுநாள் வேலையின் தினக்கூலி 167 ரூபாய். ஆண்டுக்கு 100 நாள் முழுமையாக வேலை கிடைத்து, ஒரு ரூபாயும் செலவழிக்காமல் சேர்த்தாலும் ஏழு ஆண்டுகளுக்கு மேல் ஆகும். பயிற்சிக் கட்டணமும் தோட்டாச் செலவும் தனி. சொத்தில்லை என்பதற்காக உரிமத்தை மறுக்கக் கூடாது என்று சட்டம் சொல்லிவிட்டு, சொத்திருப்பவரால் மட்டுமே கடக்கக்கூடிய படிகளை விதிகள் அடுக்குகின்றன.

இதற்கு ஒரு வழி இருக்கிறது. கேரளத்தில் பயிற்சிச் சான்றிதழ் பெற வழியில்லாமல் விண்ணப்பங்கள் தேங்கியபோது பிரச்சினை உயர் நீதிமன்றத்துக்குச் சென்றது. அதையடுத்து 2022இல் மாநிலக் காவல்துறையே கட்டணம் பெற்றுக்கொண்டு பொதுமக்களுக்குப் பயிற்சியளிக்கும் திட்டத்தை வகுத்தது. தமிழ்நாட்டிலும் மாவட்டந்தோறும் ஆயுதப்படையும் பயிற்சித் தளமும் இருக்கின்றன. விதி 3இன் கீழ் உரிமம் கோரும் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் அங்கே கட்டணமின்றிப் பயிற்சியளிப்பதற்குப் பெருஞ்செலவு ஒன்றும் ஆகாது. பயிற்சியளிப்பவர் யார், அவர் எந்த ஊர், எந்தச் சாதிச் சங்கத்தோடு தொடர்புடையவர் என்ற கேள்விகள் அப்போதும் இருக்கும். ஆகவே விண்ணப்பதாரர் வேறு மாவட்டத் தளத்தைத் தேர்ந்துகொள்ளும் உரிமையும் அந்த ஆணையில் இடம்பெற வேண்டும்.

மாவட்ட விழிப்புணர்வு மற்றும் கண்காணிப்புக் குழுக்களில் உள்ள நம் பிரதிநிதிகள் அடுத்த கூட்டத்திலேயே மூன்று கேள்விகளை எழுப்பலாம். வன்கொடுமை அபாயப் பகுதிகளாக இம்மாவட்டத்தில் அடையாளம் காணப்பட்ட ஊர்கள் எவை? அவ்வூர்களில் விதி 3இன்படி ரத்தான உரிமங்கள் எத்தனை, வழங்கப்பட்ட உரிமங்கள் எத்தனை? எஸ்-1 சான்றிதழ் வழங்கும் அங்கீகாரம் பெற்றவர்களின் பட்டியல் எங்கே? மூன்றாம் கேள்விக்குப் பதில் இல்லாத மாவட்டத்தில், உரிமம் கேட்டுவரும் தலித்திடம் பயிற்சிச் சான்றிதழ் கொண்டுவா என்று சொல்வது, விண்ணப்பத்தை வாங்காமலேயே திருப்பி அனுப்புவதாகும்.